மனைவி இங்கிலாந்தில், நான் கோத்தகிரியில்: எந்த விசாவில் போவது?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் ஊர்) ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். பிக்கப் வண்டியும் ஓட்டுகிறேன். மனைவி பி.எஸ்சி. நர்சிங் படித்தவர். 2024 அக்டோபரில் இங்கிலாந்து போய், அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறார். ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. 2018-இல் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் கல்யாணம் நடந்தது, பதிவு செய்யவில்லை. ஏஜென்ட் ஒருவர், "முதலில் விசிட் விசாவில் போய்விடுங்கள், அங்கே டிபென்டன்ட் விசாவாக மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்லி மூன்றரை லட்சம் கேட்கிறார். 50 ஆயிரம் முன்பணமும் பாஸ்போர்ட்டும் கொடுத்துவிட்டேன். அவர் எழுதித் தந்த செலவுச் சீட்டின் படத்தை இணைத்திருக்கிறேன். இது சரிவருமா? முடியாவிட்டால் குழந்தையை மட்டுமாவது முதலில் அனுப்பலாமா? தோட்டத்தை விற்றுவிட்டுப் போகலாமா என்றும் யோசிக்கிறேன். பொண்டாட்டி சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிடப் போகிறான் என்று ஊரில் பேச்சு வேறு.

பதில்:

தம்பி, விசா பேச்சு அப்புறம். இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போய் உங்கள் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்குங்கள். 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி அது இந்திய அரசின் சொத்து. உங்கள் கையில் இருக்கலாம், விசா மையத்தில் இருக்கலாம். ஏஜென்ட் மேசை டிராயரில் பிணையாக இருக்க வழியே இல்லை. "மீதிப் பணம் தந்தால்தான்" என்று இழுத்தால், காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் அந்த வார்த்தையே போதும்.

அடுத்து, நீங்கள் அனுப்பிய செலவுச் சீட்டு. கோடு போட்ட நோட்டுத் தாளில் பச்சை மையில் ஏழு வரி. நாலாவது வரியில் "ஹெல்த் சர்சார்ஜ் – 1,20,000". எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. பிரிட்டனில் நீண்ட காலம் தங்கப் போகிறவர்கள் அந்நாட்டு அரசு மருத்துவச் சேவைக்காக ஆண்டுக்கு 1,035 பவுண்டு கட்டும் கட்டணம் அது. விசிட் விசாவுக்கு அது கிடையவே கிடையாது. உங்கள் மனைவி ஹெல்த் அண்ட் கேர் ஒர்க்கர் விசாவில் (மருத்துவ, பராமரிப்பு வேலைக்காரர்களுக்கானது) இருந்தால், அவருக்கும் இல்லை, அவரைச் சார்ந்து போகிற உங்களுக்கும் குழந்தைக்கும் இல்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்த வரி அங்கே இருக்க நியாயமில்லை. தெரியாமல் எழுதினாரா, தெரிந்தே எழுதினாரா என்பதை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

"விசிட்டில் போய் மாற்றிக்கொள்ளலாம்" என்பதும் நடக்காது. பார்வையாளர் விசாவில் உள்ளே போனவர் அங்கிருந்தபடியே, மனைவியைச் சார்ந்து வருகிறவர் என்கிற டிபென்டன்ட் விசாவுக்கு மாற விதி இடம் தரவில்லை. திரும்பி வந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். அதைவிட ஆபத்து, விசிட் படிவத்தில் போகிற உண்மைக் காரணத்தை மறைத்து எழுதுவது. ஏமாற்றி விண்ணப்பித்ததாக முடிவு செய்தால் 10 ஆண்டு வரை உங்கள் விண்ணப்பங்களை நிராகரிக்கலாம். மனைவியை இரண்டு மாதம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று உண்மையைச் சொல்லி விசிட் விசா கேட்பதில் தவறே இல்லை. 2025 ஏப்ரல் நிலவரப்படி ஆறு மாத விசிட் விசாவுக்குக் கட்டணம் 127 பவுண்டுதான். ஊரில் தோட்டம் இருக்கிறது, இலை போகிறது, வண்டி ஓடுகிறது என்பதெல்லாம் நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதற்கு நல்ல அத்தாட்சியும் கூட. மூன்றரை லட்சத்தை விடுங்கள், இதற்கு ஏஜென்ட்டே வேண்டாம்.

இப்போது உண்மையான கேள்விக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. அது இல்லாமல் யார் என்ன பதில் சொன்னாலும் அது ஜோசியம்தான். மனைவி "பி.எஸ்சி. நர்சிங் படித்தவர்" என்கிறீர்கள், "முதியோர் இல்லத்தில் வேலை" என்கிறீர்கள். அங்கே அவர் நர்ஸாக இருக்கிறாரா, கேரராக, அதாவது முதியவர்களைக் கவனித்துக்கொள்ளும் பராமரிப்பாளராக, இருக்கிறாரா? ஊரில் நாம் இரண்டையும் "நர்ஸ் வேலை" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மகள் இங்கிலாந்தில் நர்ஸ் என்று பெருமையாகச் சொல்லும் அப்பாவிடம் தாளைக் காட்டச் சொன்னால், அதில் கேர் ஒர்க்கர் என்று இருக்கும். நர்சிங் படித்துவிட்டு அந்த வேலைக்குப் போனவர்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். அது கேவலமில்லை. ஆனால் விசா விதியைப் பொறுத்தவரை இரண்டும் வேறு வேறு உலகம்.

மனைவிக்கு வேலை கொடுத்த நிறுவனம் சர்டிபிகேட் ஆஃப் ஸ்பான்சர்ஷிப் ஒன்று கொடுத்திருக்கும். அங்கே இருப்பவர்கள் சி.ஓ.எஸ். என்பார்கள். அதில் நான்கு இலக்கத்தில் ஒரு தொழில் குறியீடு இருக்கும். இன்றிரவு போனில் அதை மட்டும் கேளுங்கள். வேலையின் பெயரைக் கேட்காதீர்கள், எண்ணைக் கேளுங்கள்.

எண் 6135 அல்லது 6136 என்றால் கேர் ஒர்க்கர், சீனியர் கேர் ஒர்க்கர். 2024 மார்ச் 11 முதல் இந்த இரண்டு வேலைகளுக்குப் புதிதாகப் போகிறவர்கள் கணவன், மனைவி, பிள்ளைகளை அழைத்துக்கொள்ள முடியாது. அதற்கு முன்பே அந்த விசாவில் இருந்தவர்களுக்கு விலக்கு உண்டு. உங்கள் மனைவி போனது அக்டோபரில். ஏழு மாத வித்தியாசம், வருத்தமாகத்தான் இருக்கும்.

எண் 2231-இலிருந்து 2237-க்குள் என்றால் பதிவு பெற்ற நர்ஸ் அல்லது மிட்வைஃப். உங்களுக்கும் குழந்தைக்கும் வழி திறந்தே இருக்கிறது.

எண் 6131 என்றால் நர்சிங் அசிஸ்டன்ட். 2025 ஜூலை 22 முதல் பட்டப்படிப்புத் தரத்துக்குக் கீழான வேலைகளுக்குப் புதிதாகப் போகிறவர்கள் குடும்பத்தைக் கூட்டிப் போகும் வழி அடைபட்டது. அந்தத் தேதிக்கு முன்பே ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் (ஹெல்த் அண்ட் கேர் விசாவும் அதில் ஒரு வகைதான்) இருந்து, இடையில் விட்டுப்போகாமல் தொடர்கிறவர்களுக்கு அது பொருந்தாது. உங்கள் மனைவி முன்பே போய்விட்டதால் நீங்கள் விண்ணப்பிக்கலாம்.

கேரர் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது நீங்கள் எந்த ஏஜென்ட்டுக்குப் பணம் கொடுத்தாலும் கதவு திறக்காது. திறக்கக் கூடியவர் உங்கள் மனைவி ஒருவர்தான், அதுவும் அவர் படித்த படிப்பை வைத்து. அங்குள்ள நர்சிங் கவுன்சிலில் பதிவு பெற அவர் ஆங்கிலத் தேர்வு, கணினித் தேர்வு, பிறகு ஆஸ்கி என்கிற செய்முறைத் தேர்வு மூன்றையும் முடிக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ். எழுதினால் மொத்தத்தில் 7, எழுத்துப் பகுதியில் மட்டும் 6.5 போதும். மருத்துவத் துறையினருக்கான ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வையும் ஏற்பார்கள். பதிவு வந்து, ஒரு மருத்துவமனையோ நர்சிங் ஹோமோ நர்ஸ் குறியீட்டில் புதிய சி.ஓ.எஸ். கொடுத்து, விசாவும் மாறிவிட்டால் நீங்கள் டிபென்டன்ட்டாக விண்ணப்பிக்கலாம். பகலில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், இரவில் படிப்பு என்பது லேசு இல்லை. ஏஜென்ட்டுக்குக் கொடுக்க வைத்திருக்கும் மூன்று லட்சத்தில் ஒரு பகுதி அவருடைய தேர்வுக் கட்டணத்துக்குப் போகட்டும் என்பது என் அபிப்பிராயம்.

ஸ்டூடன்ட் விசாவில் நீங்கள் போவதைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். வயதுக்கு மேல் பிடிக்காத படிப்புக்குத் தோட்டத்தை விற்றுக் கட்டணம் கட்டுவதற்கு நான் சம்மதம் சொல்ல மாட்டேன்.

நர்ஸ் அல்லது நர்சிங் அசிஸ்டன்ட் என்றால் தொடர்ந்து படியுங்கள். அப்போது உங்கள் பெரிய தலைவலி விசா இல்லை, கல்யாணப் பதிவு.

ஹட்டியில் பெரியவர்கள் முன்னிலையில் வழக்கப்படி நடந்த கல்யாணம் இந்து திருமணச் சட்டப்படி செல்லும். 7-ஆம் பிரிவு சொல்வது அதுதான்: இரு தரப்பில் ஒருவருடைய வழக்கச் சடங்கு நடந்திருந்தால் போதும். பதிவு இல்லாததால் நீங்கள் புருஷன் பெண்டாட்டி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் லண்டனில் உட்கார்ந்து கோப்பு பார்க்கும் அதிகாரிக்கு உங்கள் ஹட்டி தெரியாது, அவருக்குத் தாள் வேண்டும். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாக் கல்யாணங்களையும் 90 நாளுக்குள் பதிய வேண்டும், தாமதக் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் அவகாசம். அது உங்களுக்கு எப்போதோ போய்விட்டது. மிச்சம் இருப்பது இந்து திருமணச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவது. அதற்குத் தம்பதி இருவரும் சாட்சிகளோடு நேரில் போக வேண்டும். அதாவது மனைவி லீவில் வந்தால்தான் நடக்கும். அவர் வரும் தேதியைச் சொன்னதுமே சார்பதிவாளரிடம் போய், என்னென்ன தாள் வேண்டும் என்று எழுதி வாங்கி வந்துவிடுங்கள். லீவு பதினைந்து நாள் என்றால் முதல் வாரத்திலேயே பதிவு முடியட்டும். ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வருகிறார் என்றால் அலுவலக விடுமுறைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை ஒரு தம்பதி விமானம் ஏறும் நாளுக்கு முதல் நாள் மாலை நாலரைக்கு என்னிடம் வந்து நின்றார்கள். சாட்சியில் ஒருவரின் ஆதார் வேறு முகவரி. அடுத்த லீவு வரைக்கும் ஒரு வருடம் போயிற்று.

(இதைப் படிக்கும் தோடர், கோத்தர், இருளர் குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை: பழங்குடியினருக்கு இந்து திருமணச் சட்டம் தானாகப் பொருந்தாது. நீங்கள் 2009 சட்டத்தின் கீழ்தான் பதிய வேண்டும், ஆகவே அந்த 90 நாளை விட்டுவிடாதீர்கள்.)

பதியும்போது பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள். நமக்கு இன்ஷியல் பழக்கம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், சான்றிதழில் ஒற்றை எழுத்தும் புள்ளியும் இருக்கும். இருவர் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே, எழுத்துக்கு எழுத்து, சான்றிதழில் வரட்டும். கல்யாணச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் காட்ட அரசு தரும் அத்தாட்சி) வேண்டும் என்று சொல்லியும் சிலர் காசு வாங்குவார்கள். பிரிட்டன் டிபென்டன்ட் விசாவுக்கு அதைக் கேட்பதில்லை.

சான்றிதழ் இப்போதுதான் பதிந்தது, கல்யாணமோ 2018 என்றால் அதிகாரிக்குக் கேள்வி எழலாம். அதற்குத் துணைத் தாள்கள் தேவை: கல்யாணப் பத்திரிகை, படங்கள், ரேஷன் கார்டு, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், மனைவி அனுப்பும் பணம் வந்த வங்கிக் கணக்கு. முந்நூறு பக்க ஆல்பம் வேண்டாம். வெள்ளை வேட்டி, தலைப்பாகையோடு பெரியவர்கள் நிற்க நீங்கள் இருவரும் நடுவில் இருக்கும் படம் ஒன்று, குழந்தை பிறந்தபோது, அவர் இங்கிலாந்து போன நாளில், அப்புறம் லீவில் வந்தபோது என்று வருடத்துக்கு இரண்டு மூன்று. தினமும் பேசுகிறீர்கள் என்பதற்கு வாட்ஸ்அப் அழைப்புப் பட்டியலின் படம். அங்கே இரவு ஷிப்ட் முடிந்து அவர் கூப்பிடுவது நமக்கு மதியம், இலை எடை போடும் நேரம். அந்த அழைப்பு மாதக்கணக்கில் அதே நேரத்தில் விழுந்திருக்கும் பட்டியலைப் பார்த்தால் எந்த அதிகாரிக்கும் புரியும். தமிழில் உள்ள தாள்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்த்தவரின் பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம், சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதிமொழி எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

குழந்தையை முன்கூட்டி அனுப்பலாமா என்றால், அநேகமாக முடியாது. டிபென்டன்ட் குழந்தைக்குப் பெற்றோர் இருவரும் அங்கே இருக்க வேண்டும், அல்லது இருவரும் அங்கே இருக்கும்படி மற்றவரும் கூடவே விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளையின் முழுப் பொறுப்பும் ஒருவருடையதே என்றால்தான் பொதுவாக விலக்கு. இங்கே குழந்தையை வளர்ப்பதே நீங்கள்தான், அதனால் அம்மாவுக்கு மட்டும் முழுப் பொறுப்பு என்று எழுதினால் அது பொய். இருவரும் ஒன்றாக விண்ணப்பியுங்கள். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். பெயர் எழுதும் இடம் காலியாக இருக்கும் சான்றிதழ்கள் மலையில் ஏராளம். 15 வயது வரை சேர்க்கலாம், ஆனால் விசா நேரத்தில் அலைவதற்குப் பதில் இப்போதே சேர்த்துவிடுங்கள்.

செலவு? 2025 ஏப்ரல் நிலவரப்படி ஹெல்த் அண்ட் கேர் விசாவில் மூன்று ஆண்டு வரை ஒருவருக்கு 304 பவுண்டு, அதற்கு மேல் 590. குழந்தைக்கும் அதே. அது போக, வங்கியில் உங்களுக்காக 285 பவுண்டும் குழந்தைக்காக 315 பவுண்டும் தொடர்ந்து 28 நாள் இறங்காமல் இருக்க வேண்டும். அந்த 28-ஆவது நாள் விண்ணப்பத் தேதிக்கு முந்தைய 31 நாளுக்குள் வர வேண்டும். மனைவியின் கணக்கிலும் இருக்கலாம். அவருடைய நிறுவனம் முதல் மாதச் செலவைப் பார்த்துக்கொள்வதாக எழுதித் தந்தால் அதுவும் தேவையில்லை. இலைப் பணம் வந்ததும் உரத்துக்கு எடுக்கும் கணக்கை இதற்குக் காட்டாதீர்கள். ஒரே ஒரு நாள் தொகை கீழே போனாலும் 28 நாள் முதலிலிருந்து எண்ண வேண்டும்.

காசநோய்ப் பரிசோதனை இந்தியாவிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் போகிற எல்லோருக்கும் உண்டு. பிரிட்டன் அரசு அங்கீகரித்த மையத்தில்தான் எடுக்க வேண்டும், ஊட்டி அரசு மருத்துவமனை எக்ஸ்ரே செல்லாது. சென்னையில் மையம் இருக்கிறது. 11 வயதுக்குக் கீழ் என்பதால் குழந்தைக்கு வழக்கமாக எக்ஸ்ரே இல்லை, ஆனால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சான்று ஆறு மாதம் செல்லும். எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்தால் சளி எடுத்து வளர்த்துப் பார்ப்பார்கள், அதற்கு இரண்டு மாதம் ஆகலாம். ஆகவே விமான டிக்கெட் கடைசியில்தான். விரல் ரேகை கொடுக்கும் விசா மையமும் சென்னையில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்னை. இரண்டு தடவை போய்வரக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ரேகை கொடுத்த பிறகு வழக்கமாக மூன்று வாரத்தில் முடிவு வரும்.

2025 வரை டிபென்டன்ட் துணைவருக்கு ஆங்கிலத் தேர்வு இல்லை. 2025 மே மாதம் பிரிட்டன் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் அடிப்படைத் தேர்வு வைக்கும் யோசனை இருக்கிறது, அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கான 5 ஆண்டை 10 ஆக்கும் யோசனையும் இருக்கிறது. விண்ணப்பிக்கும் அன்றைக்கு அரசின் இணையதளத்தில் கட்டணத்தையும் விதியையும் இன்னொரு முறை பாருங்கள்.

ஊர்ப் பேச்சுக்கு வருகிறேன். டிபென்டன்ட் என்ற சொல்லைத் தமிழில் "சார்ந்திருப்பவர்" என்று போட்டு நம் ஆட்கள் அதற்கு உட்கார்ந்து சாப்பிடுபவர் என்று அர்த்தம் பண்ணிக்கொள்கிறார்கள். அந்த விசாவில் நீங்கள் தொழில்முறை விளையாட்டு வீரராகவோ பயிற்சியாளராகவோ மட்டும்தான் ஆக முடியாது. மற்றபடி எந்த வேலையும் செய்யலாம், சொந்தத் தொழிலும் செய்யலாம், அதற்குத் தனி ஸ்பான்சர் தேவையில்லை. உங்கள் இந்திய லைசென்ஸில் அங்கே 12 மாதம் காரும் சிறு வேனும் ஓட்டலாம், அதற்குள் அந்நாட்டுத் தேர்வை எழுதிவிட வேண்டும். கோத்தகிரி – மேட்டுப்பாளையம் சாலையில் மூட்டையோடு மூடுபனியில் வண்டி இறக்குகிறவருக்கு அது பெரிய விஷயமா?

தோட்டத்தை விற்காதீர்கள். இதில் நான் சுற்றி வளைத்துப் பேச மாட்டேன். பிரிட்டனில் குடியேறியதும் அந்நியச் செலாவணிச் சட்டப்படி நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவர். ஏற்கெனவே உள்ள தோட்டத்தை வைத்துக்கொள்ளலாம், பரம்பரையாக வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் விவசாய நிலமோ தோட்டமோ புதிதாக விலைக்கு வாங்க முடியாது. விற்றுவிட்டால், அங்கே இருக்கும் வரை காசு இருந்தாலும் திரும்ப வாங்க வழியில்லை. வங்கிக் கணக்கையும் வெளிநாட்டில் வசிப்போருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். இலைப் பணம் அதில் விழலாம்.

நீங்கள் வருடா வருடம் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் ஒரு கணக்கு: நிரந்தரமாகத் தங்கும் உரிமை வேண்டுமானால் எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 180 நாளுக்கு மேல் பிரிட்டனுக்கு வெளியே இருக்கக் கூடாது. உங்களுக்கான ஆண்டுக் கணக்கு உங்கள் விசா தொடங்கும் நாளிலிருந்துதான், மனைவியுடையதிலிருந்து இல்லை.

தோட்டத்தைச் சகோதரரிடமோ நம்பிக்கையான பக்கத்துத் தோட்டக்காரரிடமோ விடுவதாக இருந்தால் அதிகாரப் பத்திரம் எழுதி, மனைவி வந்திருக்கும்போதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். பராமரிப்பு, இலை கொடுப்பது, பணம் வாங்குவது மட்டும் எழுதுங்கள். விற்கும் அதிகாரம் சேர்க்காதீர்கள். அங்கே போனபின் எழுதினால் இந்தியத் தூதரக முத்திரை, இங்கே மறுபடி ஸ்டாம்ப் என்று இழுக்கும்.

50 ஆயிரத்தைத் திருப்பித் தரச் சொல்லிப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள், செலவுச் சீட்டின் நகலோடு. தராவிட்டால் ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, இரண்டு ஆண்டுக்குள் மனு போட்டால் போதும். அந்தப் பச்சை மைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

என் அப்பாவும் இலை கொடுத்தவர்தான், ஆகவே கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கவ்வாத்து முறை வந்த பாத்தி இருந்தால் போவதற்கு முன் வெட்டிவிடுங்கள். செடி துளிர்த்துப் பறிப்புக்கு வர மாதங்கள் ஆகும். தோட்டத்தை ஏற்கிறவர் பழகிக்கொள்ளும் வரை அவருக்கு அந்தப் பக்கம் வேலை குறைவாக இருக்கும்.